மண் சுடும் முதற் பாடம்



கார்த்திகை விளக்கீட்டுக்கு விளக்குகளை நாமே செய்தால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். செய்யலாம். மண் பிசைவது லேசு. சுடுவதில்தான் சங்கதி இருக்கிறது.

யாழ்ப்பாணத்து இணுவிலில், உறவினர் வளவில் நாங்கள் முதல் தடவை சுட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு விளக்குகள். இரண்டு நாள்தான் காயவிட்டோம். நெருப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில் பட்டாசு போலச் சத்தம். ஐந்து சிதறிப்போச்சு. மிச்சம் ஏழில் மூன்று, மறுநாள் பார்த்தால் பொருக்குக் கழன்று வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

ஏன் இப்படி? முதற் காரணம் ஈரம். காய்ந்தது போலத் தெரியும் மண்ணிலும் தண்ணீர் உண்டு. 100 பாகைச் சூட்டில் அது ஆவியாகும். மெதுவாகச் சூடேற்றினால் ஆவி கசிந்து போகும். சடாரென்று ஏற்றினால் மண்ணைப் பிளக்கும்.

இரண்டாவது சுண்ணாம்பு. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. மண்ணில் கிடக்கும் சிறு கல் நெருப்பில் நீறாகி, ஆறிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேல் மண்ணைத் தள்ளிவிடும்.

இணுவிலுக்குப் பக்கத்துக் கந்தரோடையில் 1970இலும் ஆனைக்கோட்டையில் 1980இலும் நடந்த அகழாய்வுகளில் பழங்காலத்துக் கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். ஆகவே உங்கள் விளக்கு கறுத்தால் கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம்.

செய்யும் முறை:

1. களிமண்ணைக் கரைத்து அரித்தெடுங்கள். நாலில் ஒரு பங்கு மெல்லிய மணல் சேருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டாம்.

2. நிழலில் காயவிடுங்கள். நமது மழைக்கும் மூடுபனிக்கும் இரண்டு வாரமாவது வேண்டும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம்.

3. தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, லயத்துக்குத் தூரமாக முழங்கால் ஆழக் குழி வெட்டுங்கள். விளக்குகளை அடுக்கி, உடைந்த ஓட்டுத் துண்டுகளால் மூடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் சுற்றிவரச் சிறு நெருப்பு மட்டும். பிறகு கவாத்து மிலாறு, வரட்டி போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

4. விளக்குகள் தணல் போலச் சிவந்ததும் சாம்பலால் மூடி மறுநாள் வரை விடுங்கள். சூட்டோடு எடுத்தால் வெடிக்கும்.

கவனம்! லயத்துக்குள்ளோ குசினிக்குள்ளோ சுடவே வேண்டாம். புகையோடு வரும் நஞ்சுக் காற்று ஆளைக் கொல்லும். பிள்ளைகளைக் கிட்ட விடாமல், தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைத்திருங்கள். பழைய பற்றரி ஈயத்தை உருக்கிப் பூசி மினுக்கவும் கூடாது; ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.

இரண்டாந் தடவை மண்ணை அரித்து, இரண்டு வாரம் காயவைத்துச் சுட்டோம். பன்னிரண்டில் பதினொன்று முழுசாக வந்தது.

நீங்களும் முதல் தடவை நாலைந்து விளக்கு மட்டும் வையுங்கள். உடைந்ததை எறிய வேண்டாம், எங்களிடம் கொண்டு வாருங்கள். உடைந்த இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்.