பெரும்பாடும் மாத்திரையும்

மாதவிலக்கு 7 நாளைத் தாண்டினாலும், 50 காசைவிடப் பெரிய கட்டிகளாகப் போனாலும், அதைப் பெரும்பாடு என்பார்கள் நம் பாட்டிமார்கள். "பொம்பளைன்னா இதெல்லாம் சகஜம்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர். இரத்தம் குறைந்து சோகை பிடித்து, மேட்டுக்காட்டில் மயங்கி விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று டிரானெக்ஸாமிக் ஆசிட். காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு உடம்பே அந்த உறைவைக் கரைத்துவிடும். இம்மாத்திரை அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. போக்கு ஏறத்தாழப் பாதிவரை குறையலாம். ஆனால் நோயின் காரணத்தைப் போக்காது. கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

சாப்பிடும் முறை

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு: 500 மில்லிகிராம் மாத்திரை 2, நாளைக்கு 3 வேளை. போக்கு அதிகமாக உள்ள நாட்களில் மட்டும். 4 நாளுக்கு மேல் கூடாது. போக்கு தொடங்கிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாக விழுங்காதீர்கள். டாக்டர் உங்களுக்கென்று வேறு அளவு எழுதியிருந்தால் அதுவே சரி.

யாருக்கு ஆகாது?

"எனக்குக் கேட்டுச்சு, நீயும் போடு" என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தால் வாங்காதீர்கள். காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் இதைத் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாள் தள்ளிப்போய் பிறகு இரத்தம் பட்டால் கர்ப்பமா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

ஒரு மணிக்கு ஒரு பேட் என்று 2 மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், மயக்கம் வந்தால், கர்ப்ப நேரத்தில் வயிற்றுவலியோடு இரத்தம் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பார்வை மாறினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கிளம்புங்கள்.

சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைத் தண்ணீர் நல்லது.

கணவன்மார்களே, இது உங்களுக்கும்தான். வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டால் நீங்களே கேட்டு, கிளினிக்குக்கு அழைத்து வாருங்கள். வரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் உறைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.