கட்டைப் பிரித்துவிட்டுக் காலடியைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டிய தோணிரேவு. தை அறுவடை முடிந்த கழனியில் வாத்து மேய்க்கிறவர்கள் பட்டி போட்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் வரப்போரத்தில் கிடந்த ஒரு குஞ்சை என் மகன் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்துவிட்டான். மூன்று வாரக் குஞ்சாக இருக்கும். இடது காலை ஊன்றாமல் இழுத்துக்கொண்டே நடந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, ஈர்க்குச்சி வைத்துத் துணியால் கட்டினேன். அட்டைப் பெட்டியில் பேப்பர் விரித்து விட்டிருக்கிறோம். சோறும் கருவாட்டுத் தூளும் தின்கிறது. முதல் நாலு நாள் தேறின மாதிரி இருந்தது. பத்து நாள் ஆன பிறகு இப்போது வலது காலும் வளைகிற மாதிரி தெரிகிறது. எந்நேரமும் உட்கார்ந்தே இருக்கிறது. ஏரியில் விட்டால் தானே சரியாகிவிடும் என்கிறார் மாமியார். மகனோ ராத்திரியில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். நான் விடியுமுன் இறால் பிடிக்கப் போகிறவள், பெரிதாகச் செலவு செய்ய முடியாது. இது பிழைக்குமா? காட்டு வாத்தாக இருந்தால் ஏதாவது சிக்கல் வருமா?

— ஒரு வாசகி, தோணிரேவு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, வலது காலும் வளைகிறது என்பதுதான். அடிபட்ட கால் ஒன்று. அடியே படாத கால் பத்து நாள் கழித்து வளைகிறது என்றால், அதற்குக் காரணம் கழனியில் நடந்தது அல்ல, பெட்டிக்குள் இருக்கிறது. இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வாத்துக்குஞ்சை வீட்டில் வளர்க்கும் நல்ல மனசுக்காரர்களில் பாதிப் பேர் இதே இரண்டு இடங்களில்தான் தவறுகிறார்கள்: குஞ்சு நிற்கும் தரை, தின்னும் தீனி. இரண்டையும் இன்றைக்கே மாற்றலாம். காசும் அதிகம் ஆகாது.

முதலில் அந்தக் கட்டைப் பிரித்துவிடுங்கள். இந்த வயதில் வாத்துக்குஞ்சு நாளுக்கு நாள் பருக்கும். திங்கட்கிழமை சரியாக இருந்த கட்டு வெள்ளிக்கிழமை ரத்த ஓட்டத்தை நெரிக்கும். பணியில் சேர்ந்த புதிதில் நானே ஒரு குஞ்சுக்குக் கட்டுப்போட்டு, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தபோது பாதம் கறுத்துப் போயிருந்தது. அதிலிருந்து மூன்று நாளுக்கு மேல் எந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை.

பிரித்ததும் குஞ்சை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பிடியுங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாத்தின் கால் உடம்புக்கு மெலிந்தது, சுலபமாகப் பிசகிவிடும். மேய்ப்பவர்கள் வாத்தைக் கழுத்தில் பிடிப்பது இதனால்தான். நல்ல வெளிச்சத்தில் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதம் சில்லென்று இருக்கிறதா? தொடை இடுக்கிலோ விரலடியிலோ நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா? வலைத் துணுக்கும் தூண்டில் நரம்பும் கிடக்கும் கரையில் இதை நான் கட்டாயம் தேடுவேன். தோலுக்குள் புதைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் அறிய வேண்டும். அடுத்து, பின்பக்கமாக மடங்கும் அந்த மூட்டு. அதை முழங்கால் என்று நினைப்போம். உண்மையில் அது பறவையின் கணுக்கால். காயமே இல்லாமல் அது இரண்டு காலிலும் வீங்கியிருந்தால் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலில் மட்டும் அந்த மூட்டின் பின்புறம் தட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், தசைநாண் தன் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கலாம். அதற்கு மருத்துவர் கை உடனே தேவை.

இனி தரை. பேப்பர் வழுக்கும். வழுக்கும் இடத்தில் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். இளம் எலும்பும் மூட்டும் அந்த வாகிலேயே முற்றிவிடும். பேப்பரை எடுத்துவிட்டுச் சாக்கை மடித்துப் போடுங்கள். சாக்கில் தொங்கும் நூலையெல்லாம் முன்பே வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே காலில் சுற்றும். நனைந்தால் மாற்ற இரண்டு சாக்குத் துண்டு இருந்தால் போதும். ஈரத்தில் உட்கார்ந்தே கிடந்தால் உள்ளங்கால் புண்ணாகிச் சீழ் கட்டும்.

தீனி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நயாசின் என்ற பி வைட்டமின் கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அதிகம் தேவை. ஒரு கிலோ தீனியில் சுமார் 55 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. அது குறைந்தால் கால் வில்லாக வளையும், கணுக்கால் மூட்டு பருக்கும், குஞ்சு நடக்க மனமில்லாமல் உட்கார்ந்துவிடும். தீட்டிய அரிசிச் சோற்றில் இந்தச் சத்து மிகக் குறைவு. தவிட்டில் இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி உடம்பில் சேராத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. இதற்கு உங்கள் ஊரிலேயே மருந்து உண்டு: மீன். நெத்தியோ மத்தியோ, உப்புப் போடாமல் முள் மெத்தென்றாகும் வரை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். பச்சையாக வேண்டாம். சில மீன்களில் இன்னொரு பி வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். கடையில் கிடைக்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தை நனைத்து, அதோடு இந்த மீனையும் பொடியாக நறுக்கிய கீரையையும் சேருங்கள். கோழிகளுக்கென்று விற்கும் பி காம்ப்ளெக்ஸ் மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் தண்ணீரில் கலக்கலாம்.

கருவாட்டை இன்றோடு நிறுத்துங்கள். குஞ்சின் சிறுநீரகம் அவ்வளவு உப்பைத் தாங்காது. ஏரித் தண்ணீருக்கும் அதே காரணம்தான். கோடையில் ஏரி எப்படிக் கரிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிக்க நல்ல தண்ணீர் மட்டும். மூக்குத் துளை நனையும் ஆழம் பாத்திரத்தில் இருக்க வேண்டும், வாத்து அலகையும் மூக்கையும் கழுவியே தின்னும்.

யாராவது கடலைப் புண்ணாக்கு கொடுக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. தேடிப்போனபோது தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது தெரிந்தது. அஃப்ளாடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். பண்ணைப் பறவைகளில் அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவது வாத்துக்குஞ்சு. கடற்காற்றின் ஈரத்தில் புண்ணாக்கு பூஞ்சை பிடிக்க நாலு நாள் போதும்.

காயம் ஏதும் இருந்தால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு அதனால் கழுவுங்கள். எண்ணெய் கூடாது. பஞ்சுபோன்ற இறகில் எண்ணெய் பட்டால் சூடு தங்காமல் குஞ்சு விறைத்துவிடும். வலிக்கு வீட்டு மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவில் ஏறக்குறைய ஒழித்தே விட்டது. 2006இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மருத்துவர் பார்த்து எடைக்கு ஏற்ற மருந்தை எழுதட்டும்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. தண்ணீரில் மிதக்கும்போது உடம்பின் பாரம் காலில் இறங்காது, கால் தானாகத் துழாவும். அதை ஏரியில் அல்ல, வீட்டில் செய்யலாம். திறந்த காயம் இல்லையென்றால், அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் விட்டு, கையால் தாங்கியபடி காலையும் மாலையும் ஐந்து நிமிடம் மிதக்க விடுங்கள். உடனே துணியால் ஒற்றி, இளவெயிலில் உலர்த்துங்கள். தாயின் சிறகுக்கடி இல்லாத குஞ்சு நனைந்தால் குளிரிலேயே போய்விடும். இரவில் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் சூடு இருக்கட்டும், வேண்டும்போது அதுவே நகர்ந்துகொள்ளும்.

மகன் பெட்டியோடு தூங்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வாத்து பார்வைக்கு நன்றாக இருந்தபடியே பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கக்கூடும். 2014இல் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் அது பரவியது. தொட்ட பின் சோப்பால் கை கழுவட்டும். வீட்டுக் கோழிகளோடு குஞ்சைச் சேர்க்காதீர்கள். கழுத்து துவண்டு தலை தொங்கினாலோ, அக்கம்பக்கத்தில் வேறு பறவைகள் செத்துக் கிடந்தாலோ, அது காலின் பிரச்சினையே அல்ல. அன்றைக்கே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

காட்டு வாத்தா என்ற கேள்விக்கு வருகிறேன். தை மாதத்தில் ஏரியை நிறைக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே வெகுதொலைவில் குஞ்சு பொரிப்பவை, ஆகவே அவற்றின் குஞ்சு இது இல்லை. இங்கேயே பொரிப்பவற்றில் சீழ்க்கைச் சிறகியின் குஞ்சு கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று பட்டையிட்டிருக்கும். புள்ளிமூக்கு வாத்தின் குஞ்சுதான் குழப்பும், நாட்டு வாத்துக் குஞ்சைப் போலவே பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும். பட்டி போட்ட இடத்தில் கிடந்தது, ஆளைக் கண்டு ஒதுங்காமல் சோறு தின்கிறது என்பதால் இது மேய்ச்சல் வாத்தின் குஞ்சு என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் உங்களுடையது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே தள்ளிப்போடாமல் வனத்துறையினரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உண்மையை அப்படியே சொல்லுங்கள்.

பிழைக்குமா என்று கேட்டீர்கள். தின்கிற குஞ்சு பெரும்பாலும் பிழைக்கும். சத்துக் குறைவுதான் காரணம் என்றால் தீனியை மாற்றிய சில நாளிலேயே எழுந்து நிற்கப் பார்க்கும். நாள்பட்ட வளைவு மட்டும் முழுதாக நிமிராமல் போகலாம். எலும்பு முறிவாக இருந்தால் குஞ்சுக்கு மூன்று வாரத்துக்குள் கூடிவிடும், கோணலாகக் கூடினாலும் கூடினதுதான். அதனால் இந்த வாரமே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஒருமுறை காட்டுங்கள். கால்நடை உதவிக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கும் கூப்பிட்டுக் கேட்கலாம். எக்ஸ்ரே வேண்டுமென்றால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இன்னொன்று. வாத்து மேய்க்கிறவர்கள் அடுத்த அறுவடைக்கு அந்தப் பக்கம் வந்தால் மகனை அழைத்துக்கொண்டு போய், குஞ்சு உங்களிடம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அது அவர்களுடையது. வைத்துக்கொள்ளச் சொன்னால், துணைக்கு இன்னொரு குஞ்சை விலைக்குக் கேளுங்கள். வாத்து தனியாக வளரும் பறவை அல்ல. பெட்டிக்குள் அது ஓயாமல் கத்தினால், அது பசியால் மட்டும் இல்லை.