கூட்டத்திலிருந்து ஒற்றைப் படிகத்தை அறிதல்

எஸ்.டி.பி.எம். இயற்பியலில் கம்பியில் எடையைத் தொங்கவிட்டு யங் குணகம் கண்டது நினைவிருக்கும். செம்பு என்றால் விடை சுமார் 130 கிகாபாஸ்கல். அது ஒரு சராசரிதான் என்பதை அப்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை. கம்பி என்பது நுண்படிகங்களின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்கிறது. செம்பின் ஒற்றைப் படிகத்தைக் கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் குணகம் 67. மூலைவிட்டத் திசையில் இழுத்தால் 191. ஏறத்தாழ மூன்று மடங்கு!

பெரிய ஒற்றைப் படிகம் கையிலிருந்தால் கவலையில்லை. ஜி. என். இராமச்சந்திரன், கொல்லாஜனின் முச்சுருள் அமைப்பால் புகழ்பெறும் முன்பு, 1940களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடம் இதைத்தான் ஆய்ந்தார். அணுக்களின் வெப்ப அதிர்வால் எக்ஸ் கதிர்கள் மங்கலாகச் சிதறும். அந்தச் செறிவை அளந்து படிகத்தின் மீட்சி மாறிலிகளைக் கணித்தார். ஆனால் பல உலோகக் கலவைகள் பெரிய ஒற்றைப் படிகமாக எளிதில் வளர்வதில்லை. அப்போது கூட்டத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

எங்கள் திரிங்காப் சரிவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளை எதிர்மேட்டிலிருந்து பாருங்கள். எல்லாம் ஒன்றாக மின்னுவதில்லை. வெயிலுக்கும் நம் கண்ணுக்கும் பொருந்தச் சாய்ந்தவை மட்டுமே பளிச்சிடும். எக்ஸ் கதிரும் அப்படித்தான். சரியாகச் சாய்ந்த படிகங்கள் மட்டும் பதில் தரும். கூடுதலாக, பிராக் விதிப்படி, கதிர் திரும்பும் கோணம் அணுத்தளங்களின் இடைவெளியையும் சொல்லிவிடும்.

செப்புப் பட்டையை இழுத்தபடியே அளந்தால் 200 தளங்கள் அதிகமாகவும் 111 தளங்கள் குறைவாகவும் விலகுவதைக் காணலாம். மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே பெரிய கோணத்தில் தோன்றும் கோடுகளே நல்லது. கனசதுரப் படிகத்துக்கு மாறிலிகள் மூன்றே. பல தளங்களின் திரிபை இழுக்கும் திசையிலும் குறுக்குத் திசையிலும் அளந்தால் சமன்பாடுகளுக்குப் பஞ்சமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. படிகங்கள் சுமையை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன? எல்லாம் ஒரே அளவு நீள்கின்றன என்றார் வோய்ட். அது மெய்யென்றால் எல்லாத் தளங்களும் ஒரே திரிபைக் காட்ட வேண்டும், காட்டுவதில்லை. எல்லாம் ஒரே தகைவைத் தாங்குகின்றன என்றார் ராய்ஸ் (1929). அது மெய்யென்றால் அண்டைப் படிகங்கள் ஒட்டி நிற்க முடியாது. குணகம் இவ்விரண்டுக்கும் இடையில்தான் என்று 1952இல் ஹில் காட்டினார். சராசரிப் பொருளில் பதிந்த ஓர் உருண்டையாகப் படிகத்தைக் கருதி 1958இல் குரோனர் கணித்தார். எனக்குப் பிடித்தது இதுவே.

ஒரே அளவீட்டுக்கு, எடுத்துக்கொள்ளும் மாதிரியைப் பொறுத்து, வெவ்வேறு விடை வரும். பற்றவைத்த எஃகில் தேங்கிய தகைவை எக்ஸ் கதிரால் அளப்பவர்கள் இந்த எண்களைத்தான் நம்புகிறார்கள். எண் தவறினால் ஆபத்தான இடத்தைப் பத்திரமானது என்று எழுதிவிடலாம். ஆகவே மாதிரியின் பெயர் சொல்லாத எண்ணை ஏற்காதீர்கள். உருட்டிய தகட்டில் படிகங்கள் சில திசைகளுக்கே சாய்ந்திருக்கும். அதையும் தனியே அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

பயிற்சிக்கு அலுமினியம் வேண்டாம். அதன் குணகம் 64க்கும் 76க்கும் இடையில்தான் மாறும். அந்தச் சிறு வேறுபாடு அளவீட்டுப் பிழையிலேயே மறைந்துவிடும். செம்பிலிருந்து தொடங்குங்கள்.