நீதவானாகப் போகும் மகளுக்கு



நீதிச்சேவைப் பரீட்சையில் நீ தேறிய செய்தி வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: எத்தனை வருஷத்தில் மாவட்ட நீதிபதி, எப்போது மேல் நீதிமன்றம். அந்த ஆசையில் தப்பில்லை. 1979இல் நீதிச்சேவையில் சேர்ந்த சி.வி. விக்னேஸ்வரன் 2001இல் உயர் நீதிமன்ற நீதியரசரானார். ஆனால் பதவி உயர்வை வைத்தே இந்த உத்தியோகத்தை அளந்தால், நீதவான் ஆசனம் உனக்குப் போகிற வழியில் தங்கும் இடமாகிவிடும். நம் மலையக மக்களுக்கோ பெரும்பாலும் அதுதான் கடைசி நீதிமன்றம். மேன்முறையீடும் மீளாய்வும் சட்டத்தில் உண்டு. நாட்சம்பளத்தில் வாழ்கிறவர் ஒரு நாள் வேலையை விட்டு ஹட்டனுக்கு வருவதே பெரும்பாடு. சட்டத்தரணி பிடித்து மேல் நீதிமன்றத்துக்குப் போவது எங்கே? ஆகவே நீ இடும் ஒவ்வொரு கட்டளையையும், இதற்கு மேல் திருத்த யாரும் வரப்போவதில்லை என்று எண்ணி எழுது. நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் காணி வழக்கைப் பார். மலையகத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் இன்றும் அரசினுடையதாகவே இருக்கிறது. அதனால் லயத்திலோ பக்கத்து மரக்கறித் துண்டிலோ இருப்பவரை வெளியேற்ற, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் உன்னிடம் விண்ணப்பம் வரலாம். அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தையோ எழுத்து மூல அதிகாரத்தையோ காட்டுவதைத் தவிர வேறெதையும் வாதிட அதன் 9ஆம் பிரிவு இடம் தராது. நாலு தலைமுறை அங்கேயே பிறந்து மடிந்தது அங்கே விடையாகாது. 'சட்டம் என் கையைக் கட்டியிருக்கிறதே' என்பாய். கட்டியிருக்கிறதுதான். இரக்கப்பட்டுச் சட்டத்தை வளைக்கச் சொல்லவில்லை. வளைத்த கட்டளை மேலே நிற்காது, அலைச்சல் அந்தக் குடும்பத்துக்குத்தான் மிஞ்சும். ஆனால் வெளியேறும் அறிவித்தல் உரிய அதிகாரியால் கொடுக்கப்பட்டதா, விண்ணப்பத்தின் அட்டவணையில் உள்ள காணியும் குடியிருப்பவரின் காணியும் ஒன்றா, அவர் வீட்டில் ஏதாவது பழைய கடிதம் கிடக்கிறதா என்று பார்க்கவும் கேட்கவும் சட்டம் உன்னைத் தடுக்கவில்லை.

அதே மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வழக்கு வரும். தொழில் தருநர் கட்டாமல் விட்ட ஊழியர் சேமலாப நிதியை, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழில் ஆணையாளர் சான்றிதழோடு கொண்டுவந்தால், நீதவான் அதைத் தண்டப்பணம் போல அறவிடலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அதே வழியைத் தருகிறது. இங்கே சட்டம் கொழுந்து பறித்து ஓய்ந்தவரின் பக்கம் உறுதியாக நிற்கிறது, தளர்வதெல்லாம் தவணையில்தான். வெளியேற்றும் வழக்கை விரைவாகவும் சேமலாப நிதி வழக்கை ஆறுதலாகவும் நடத்துகிற நீதிமன்றம், ஒரு பிரிவைக்கூட மீறாமல் அநீதி செய்துவிட முடியும். உன் தவணைப் புத்தகத்தை அடிக்கடி நீயே புரட்டிப் பார்.

'பட்டியல் நிறைய வழக்கு, ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க நேரமேது?' என்று அனுபவசாலிகளே உன்னிடம் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிணை நிபந்தனை விளங்காமல் போகிறவர் அடுத்த தவணைக்கு வரமாட்டார்; பிடியாணை, விளக்கமறியல், மறுபடியும் பிணை என்று அதே வழக்கு திரும்பத் திரும்ப வரும். இரண்டு நிமிஷம் தமிழில் சொல்வது நேரத்தை மிச்சம்தான் பிடிக்கும். மன்றத்தின் மொழி தெரியாத கட்சிக்காரருக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. அதை நீ செய்யும் தயவாக நினைக்காதே.

இனி, நீ மலையகப் பெண் என்பதாலேயே பக்கச்சார்பு பேசுவார்கள். ஒதுங்கி வாழ்ந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடாது. வழக்கோடு உனக்குள்ள தொடர்பைத்தான் நீ கவனிக்க வேண்டும்; அதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிரித்தானிய முடிக்கு உட்பட்ட குர்ன்சி என்ற சின்னத் தீவில், தலைமை நீதிபதியாக இருக்கும் பெய்லிஃப்தான் சட்டமன்றத்துக்கும் தலைமை தாங்கினார். பொதி கட்டும் கொட்டகையைக் குடியிருப்பாக்கிக்கொண்ட பூச்செடி வளர்ப்பவர் ஒருவரின் மேன்முறையீட்டை 1995இல் விசாரித்த பெய்லிஃப், மேன்முறையீட்டாளருக்குத் தடையாக நின்ற காணித் திட்டம் 1990இல் நிறைவேறியபோது சட்டமன்றத்தில் தலைமை வகித்தவர். அந்த நீதிபதியிடம் கெட்ட எண்ணம் இருந்ததென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நடுநிலையில் ஐயம் எழ அந்தத் தொடர்பே போதும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000இல் தீர்த்தது. சின்ன இடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தோட்டத் துரை, தொழிற்சங்கத் தலைவர், பொலிஸ் பொறுப்பதிகாரி மூவரையும் ஒரே திருவிழாவில் காண்பாய். வணக்கம் சொல், உபகாரம் வாங்காதே. உன் கையோ உறவோ பட்ட விஷயம் வழக்காக வந்தால், யாரும் கேட்கும் முன்னரே விலகிக்கொள்.

பதவியேற்கும் முதல் வாரத்திலேயே, உன் மன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லா நாளும் இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் வாய்மொழியாக விட்டுவிடாமல் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு எழுது; பதில் வரும்வரை எழுது.

அன்புடன்,
பெரியப்பா
ஹட்டன்