புதுவீட்டு வளவில் கன்றுகளைப் பேணுவோம்

புதுவீடு கட்டிக் குடிபுகுந்ததும் மாவும் தென்னையும் பூச்செடிகளும் ஆசையோடு நடுகிறோம். ஆயினும் அடுத்த கோடையைத் தாண்டி நிற்பவை சிலவே. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெய்கிறது. அதன்பின் நீண்ட வரட்சி. இவ்வரட்சியைக் கன்று தாங்க நாம் செய்யக்கூடியவை எவை?

1. மண்ணைச் சீராக்குதல்

கட்டட வேலை முடிந்த வளவில் சீமெந்துக் கழிவும் கல்லும் புதைந்து கிடக்கும். சீமெந்திலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். அப்போது கன்றால் இரும்புச் சத்தை எடுக்க இயலாது. நரம்பு பச்சையாக இருக்க, தளிர் மஞ்சளாகும். கழிவை அள்ளி அகற்றி, மேல்மண்ணுடன் மாட்டெருவும் கூட்டெருவும் கலந்து குழியை நிரப்புவோம்.

2. இடமும் காலமும்

முதல் மழையுடன் நடுவதே சிறந்தது. மழைக்காலம் முழுவதும் வேர் ஊன்ற அவகாசம் கிடைக்கும். மாமரம் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்கட்டும். ஆல், அரசு போன்றவற்றின் வேர் அத்திவாரத்தைப் பிளக்கும். வீட்டருகே அவை வேண்டாம்.

3. நீர்

நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை மேலேயே நிறுத்திவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக ஊறும்படி ஊற்றினால் வேர் கீழே தேடிச் செல்லும். தண்டைச் சுற்றிப் பாத்தி கட்டி, வைக்கோல், சருகு, பொச்சு மட்டை ஆகியவற்றால் மூடுவோம். மூடுபடை தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் தண்டு அழுகும். கிணற்றடி நீரை வாழைக்குத் திருப்புவோம்.

4. புற்றரையும் வேலியும்

புற்றரைக்கு நீர் அதிகம் தேவை. கிணறு வற்றும் ஊரில் முற்றம் முழுவதும் புல் வளர்ப்பது, குடிநீரை நிலத்தில் ஊற்றுவதாகும். வேண்டுமாயின் சிறு பகுதியில் வரட்சியைத் தாங்கும் அறுகு நடலாம். வெட்டும்போது உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் வெட்டலாகாது. ஆடு ஒருமுறை கடித்தால் ஓராண்டு உழைப்பு வீண். எனவே ஒவ்வொரு கன்றுக்கும் கூடு கட்டுவோம். எல்லையில் சீமைக்கிளுவைக் கதியால் நட்டால் வேலியும் ஆகும், தழைப் பசளையும் கிடைக்கும்.

5. ஒட்டுக்கன்று

ஒட்டுக்குக் கீழே முளைப்பவற்றை உடனே கிள்ளவேண்டும். முதலிரு ஆண்டுகளில் வரும் பூவையும் அகற்றினால் மரம் பலம் பெறும்.

பத்துக் கன்றை நட்டு ஒன்பதை இழப்பதிலும், தண்ணீர் சுமக்க முடிந்த நான்கை நட்டு நான்கையும் காப்பது மேல்.

கலந்துரையாடுவோம்

அ. கோடையில் நம் வீட்டுக் கிணறு எத்தனை கன்றுக்குப் போதும்?
ஆ. தண்ணீர் சுமப்பவர் யார்? அச்சுமையை எவ்வாறு பகிரலாம்?