ஈஸ்டர் விடுமுறையில் வந்த கறுப்பு வண்டல்

அன்புள்ள மருமகளுக்கு,

பிராக்டிகலில் சால்ட் சரியாக வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன என்று உன் ஆசிரியருக்கு முன்பே தெரியும். யாருக்கும் விடை தெரியாத ஒன்றை பி.எஸ்சி. படிக்கும்போதே செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய்யலாம். அப்படிச் செய்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

வில்லியம் ஹென்றி பெர்கின் 15 வயதில் லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஹோஃப்மனின் ஆய்வகத்தில் உதவியாளரானார். மலேரியாவுக்கு அன்றிருந்த மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினா. நிலக்கரித் தாரிலிருந்து அதைச் செய்ய முடிந்தால் நல்லது என்பது ஹோஃப்மனின் எண்ணம். 1856 ஈஸ்டர் விடுமுறையில், 18 வயதில், வீட்டு மாடியறையில் பெர்கின் அதற்கு முயன்றார். அல்லைல்டொலுயிடின் இரண்டு மூலக்கூறுகளோடு ஆக்சிஜன் சேர்த்து ஒரு நீர் மூலக்கூறை நீக்கினால், தாளில் கொயினாவின் வாய்பாடு வந்துவிடும். கூட்டல் சரிதான். மூலக்கூறுக்குள் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதுதான் அன்று யாருக்கும் தெரியாது.

வந்தது செம்பழுப்புத் தூள். இன்னும் எளிய பொருளை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்து, அனிலினையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் சேர்த்தார். இந்த முறை கறுப்பு வண்டல். பரீட்சையாக இருந்தால் பூஜ்யம்! அவர் அதை ஆல்கஹாலில் கரைத்தார். கரைசல் ஊதாவாக மாறியது. பட்டுத் துணியில் தோய்த்தார்; துவைத்தும் வெயிலில் போட்டும் வெளுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமை கோரினார். மாவ் என்ற அந்தச் சாயத்திலிருந்துதான் செயற்கைச் சாயத் தொழில் கிளைத்தது.

இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வண்டலை வடிகட்டவும், கழுவவும், வெவ்வேறு கரைப்பானில் போட்டுப் பார்க்கவும் ஹோஃப்மனின் ஆய்வகத்தில் கை பழகியிருந்தது. அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் உன்னையும் ஓர் ஆய்வகத்துக்குப் போகச் சொல்கிறேன்.

போக வழி உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து, கோடையில் இரண்டு மாத ஆய்வு நல்கை தருகின்றன. விண்ணப்பத்தில் என்ன செய்ய விரும்புகிறாய் என்று எழுத வேண்டும். ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். அறிவிப்பு கோடைக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும்; மார்ச்சில் விழித்துக்கொண்டால் பயனில்லை. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையம் வேதியியலுக்கென்றே ஒரு திட்டம் நடத்தி, பி.எஸ்சி. மாணவர்களை அடுத்தடுத்த கோடைகளில் வரவழைத்திருக்கிறது. பேட்டரியும் துருப்பிடித்தலும் பிடிக்குமென்றால் காரைக்குடி மின்வேதியியல் நிலையம். தோலிலுள்ள கொலாஜன் போன்ற புரதங்களில் ஆர்வமென்றால் அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையம்.

விஞ்ஞானிக்கு நேரடியாக எழுதுவதாக இருந்தால், ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதே. ஒருவருடைய கட்டுரை ஒன்றை முழுக்கப் படி. உனக்குப் புரியாத ஓரிடத்தைக் குறிப்பிட்டுக் கேள்.

முதல் வாரம் கண்ணாடிக் கலங்களைக் கழுவுவாய், பஃபரின் பிஎச் சரிபார்ப்பாய், பிப்பெட் பிடிக்கக் கற்பாய். பாக்டீரியாவில் உருவாக்கிய புரதம் ஜெல்லில் தெரியாமலே இரண்டு மாதமும் முடிந்துவிடலாம். பரவாயில்லை, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தாய் என்பதை நோட்டில் தேதியோடு எழுது. எந்தப் புட்டி, எந்த பேட்ச் என்பதையும் குறித்துக்கொள். ஏனென்றால், பெர்கினின் அனிலின் சுத்தமானதல்ல. அதில் டொலுயிடின் கலந்திருந்தது. அந்தக் கலப்பு இல்லாவிட்டால் மாவ் உருவாகியிருக்காது. அந்தச் சாய மூலக்கூறுகளின் சரியான அமைப்பு தெரியவந்ததே 1994இல்தான்.

உன் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த கடிதத்தோடு அனுப்பு. விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
மாமா