கிணற்றடிக் கட்டுப்படுத்திப் பலகைக்கு ஈதர்நெற் இணைப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையினுள்ளே நிற்கும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து கிடப்பதாகும். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர் மேலேறும். அதன்பின் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் அக்கிணறு உதவாது. ஆதலின் நீர்மட்டம் குறித்த அளவிற்குக் கீழிறங்கியதும் பம்பியை நிறுத்தும் சிறு நுண்கட்டுப்படுத்திப் பலகையொன்று கமக்காரருக்குப் பயன்படும். அது செய்வதை வீட்டிலிருந்தவாறே அறிய விரும்புவோர் ஈதர்நெற் இணைப்பைச் சேர்க்கலாம். இது 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவான, கணினிகளை வடத்தினால் இணைக்கும் முறையாகும். கம்பியில்லா இணைப்பு மலிவானதே. ஆயினும் தகரக் கூரையும் சுவர்களும் அதனைத் தடுப்பதுண்டு.

ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் தற்காலிக நினைவகம் 2,048 பைற்று மட்டுமே. ஈதர்நெற்றில் வரும் ஒரு பொதியோ 1,518 பைற்று வரை நீளலாம். சிறு சாக்கில் பெரு மூட்டை நெல்லைக் கொட்டுவது போன்றது இது. எனவே பொதிகளைத் தானே ஏற்றுப் பிரித்தறியும் தனிச் சில்லொன்று வேண்டும். டபிள்யூ5500 என்னும் சில்லு 32 கிலோபைற்று நினைவகத்தைத் தன்னகத்தே கொண்டு அவ்வேலை முழுவதையும் செய்கின்றது. ஈ.என்.சி.28ஜே60 என்னும் சில்லு 8 கிலோபைற்று மட்டுமே கொண்டது. பிரித்தறியும் வேலையையும் பலகையின் தலையிலேயே சுமத்திவிடும். புதிதாகத் தொடங்குவோர் முன்னதை வாங்குதல் நன்று.

பலகையிலுள்ள 3.3 வோல்ற்று முனை 50 மில்லி அம்பியர் மின்னையே தரவல்லது. இச்சில்லுகளுக்கு 100 மில்லி அம்பியருக்கு மேல் வேண்டும். அம்முனையிலிருந்து மின்னெடுப்பின் இணைப்பு வருவதும் போவதுமாயிருக்கும். 5 வோல்ற்றிலிருந்து தானே மின்னைக் குறைத்துக்கொள்ளும் மேற்பலகையை வாங்கிப் பொருத்தின் இத்தொல்லையில்லை. அது 10 முதல் 13 வரையுள்ள முனைகளையும், நினைவட்டைக்கென 4ஆம் முனையையும் எடுத்துக்கொள்ளும். மிதவை ஆளியை 2ஆம் முனையிலும் றிலேயை 7ஆம் முனையிலும் இணைக்கலாம். பம்பியின் 230 வோல்ற்று வேலையைத் தேர்ந்த மின்வினைஞரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இனிக் கூறுவதே முக்கியமானது. பம்பியை நிறுத்தும் முடிவு வலையமைப்பை எவ்வாற்றானும் நம்பியிருத்தல் ஆகாது. பலகைக்குரிய முகவரியை வீட்டுப் பெட்டியிடம் தானாகப் பெறும்படி அமைத்தால், விடை வரும்வரை ஏறக்குறைய 60 விநாடிகள் பலகை வேறெதுவும் செய்யாது காத்திருக்கும். மின்தடை நீங்கியதும் பலகையும் வீட்டுப் பெட்டியும் ஒருங்கே விழித்தெழுகின்றன. அப்பெட்டி ஆயத்தமாகச் சற்று நேரம் செல்லும். அதற்குள் பம்பி ஓடத் தொடங்கியிருப்பின் மிதவையைப் பார்ப்பாரில்லை. ஆதலால் 192.168.1.50 போன்ற நிலையான முகவரியொன்றைப் பெட்டி பங்கிடும் எல்லைக்கு வெளியே தெரிந்து கொடுத்தல் வேண்டும். நிரலில் முதலாவதாக றிலேயை நிறுத்தி, அடுத்து மிதவையைப் பார்த்து, அதன்பின்னரே வலையமைப்பைத் தொடங்குதல் முறை.

நீர் இருக்கும்போது மிதவை ஆளி மூடியிருக்குமாறு பொருத்துக. கம்பியை எலி கடித்து அறுத்தாலும் பலகை அதனை ‘நீரில்லை’ என்றே கொண்டு பம்பியை நிறுத்திவிடும். மறுதலையாகப் பொருத்தினால், அறுந்த கம்பி ‘நீருண்டு’ எனப் பொய்கூறும். பலகைக்கு மின்னில்லாதபோது பம்பியும் நின்றிருக்கும் வண்ணம் றிலேயை இணைத்தல் வேண்டும். பலகையின் பக்கத்தைப் பிற இடங்களிலிருந்து இணையத்தினூடே திறக்க வழிவிடலாகாது, அதற்குப் பூட்டில்லை.

வடம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. கூடிய தூரமாயின் இடையிலே இணைப்புப் பெட்டியொன்று வைக்கவேண்டும். வெயிலில் உறை வெடிக்குமாதலால் குழாயினுள் இட்டுப் புதைப்பது நன்று. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமழை மிகுதி. வானம் கறுக்கும்போதே வடத்தை இருமுனைகளிலும் கழற்றிவிடுக. இடி தொடங்கியபின் அதனைத் தொடலாகாது. வடம் கழன்றிருக்கையிலும் மிதவையும் றிலேயும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வீட்டிலிருந்து பார்க்க இயலாதென்பதே குறை.